தீத்தடுப்பு மன்றத்தின் முதல் விழா

ஒரு காட்டில் ஒரு கல்லூரி இருந்தது. சிங்கம் ராஜாவாக இருந்து எல்லாவற்றையும் கெடுத்த காலம் மலையேறி, காட்டெருமை ஒருவர் முதல்வராக இருந்து கெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. கல்லூரிக்குக் கட்டடம் கிடையாது. மூங்கில் புதர்களுக்கு நடுவே ஒரு வெட்டவெளி, வகுப்புக்கு ஒரு மரம், அலுவலகத்துக்கு ஒரு பாறை, அவ்வளவுதான். மன்றங்கள் மட்டும் பதினேழு இருந்தன. தூங்குவதற்குக்கூட ஒரு மன்றம் இருந்தது. அதில் சேர ஆண்டுதோறும் அடிதடி நடக்கும்.

பதினேழாவது மன்றம் தீத்தடுப்பு மன்றம். அதன் தலைவி கோமளவல்லி என்ற கௌதாரி, மூன்றாமாண்டு மாணவி. கௌதாரி தரையில் கூடு வைக்கும் பறவை. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு பங்குனியில் சருகு பற்றிக்கொண்டபோது மற்ற பறவைகள் எல்லாம் கிளையில் போய் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. கோமளாவின் அம்மா அடைகாத்திருந்த ஏழு முட்டைகளும் வெந்துபோயின. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே கோமளா மன்றம் தொடங்க மனுக் கொடுத்துவிட்டாள்.

அவள் மன்றம் நடத்திய அழகைச் சொல்லியாக வேண்டும். கூட்டம் கூட்டமாட்டாள். சுற்றறிக்கை விடமாட்டாள். சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் தானே போய்ச் சருகு கிளறத் தொடங்குவாள். பார்த்துக்கொண்டு சும்மா நிற்கக் கூச்சப்பட்டுக் காட்டுக்கோழிகளும் முயல்களும் வந்து சேர்ந்தன. காட்டுப்பன்றிகளுக்கு மண்ணைத் தோண்டும் வேலை. அதற்காகவே பிறந்த மூக்கை வைத்துக்கொண்டு அவை மூங்கில்காட்டைச் சுற்றி ஓர் அகழிபோல வெறும் மண் கோடு போட்டன. கூட்டிய சருகைக் குழியில் போட்டு உடனே மண் மூடிவிட வேண்டும். சுற்றுலா வரும் மனிதர்கள் விட்டுப்போகும் தீப்பெட்டியை யார் பார்த்தாலும் ஓடையில் ஊறப்போட வேண்டும். சட்டம் என்று இருந்தது இந்த இரண்டுதான். மொத்தம் பன்னிரண்டு உறுப்பினர்கள். ஒருவரும் ஒருநாளும் மட்டம் போட்டதில்லை.

மூன்று வருடங்களாக அந்தக் காட்டில் ஒரு பொறிகூடப் பறக்கவில்லை. கோமளாவின் அம்மா மறுபடி தைரியம் வந்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் புல்லுக்குள் ஐந்து முட்டை இட்டு அடைகாக்க உட்கார்ந்திருந்தாள்.

இப்படி எல்லாம் நன்றாக நடந்துகொண்டிருந்தால் கல்லூரி நிர்வாகத்துக்குப் பொறுக்குமா? ஆய்வுக்குழு வரப்போகிறது என்று ஒவ்வொரு மன்றத்துக்கும் பதினான்கு பக்கச் சாதனைப் படிவம் கொடுத்தார்கள். நடன மன்றத் தலைவர் மயில் கூடுதலாக நாற்பது பக்கம் கேட்டு வாங்கிக்கொண்டது. கோமளா பதினைந்தே நிமிடத்தில் பூர்த்திசெய்து கொடுத்தாள். மறுநாள் பாறைக்கு வரும்படி முதல்வர் ஆளனுப்பினார்.

“ஏம்மா, இதுல ‘அணைத்த தீ எத்தனை’ன்னு கேட்டிருக்கு. நீ பூஜ்யம்னு போட்டிருக்கியே?”

“தீயே வரல சார்.”

“மூணு வருஷமாவா?”

“மூணு வருஷமா சார்,” என்றாள் கோமளா. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல்வர் மூச்சை விட்டார். காட்டெருமையின் மூச்சு என்பதால் படிவத்தில் நான்கு பக்கம் பறந்தது. “நடத்திய விழா, இல்லை. பேசிய சிறப்பு விருந்தினர், இல்லை. போட்டோ ஒண்ணே ஒண்ணு ஒட்டியிருக்க. அதுலயும் வெறும் காடுதானே தெரியுது?”

“எரியாத காடு சார்.”

“எரியலைங்கிறதைப் போட்டோல எப்படிம்மா பார்க்கிறது? எல்லாக் காடும் எரியாதப்ப இப்படித்தானே இருக்கும்?”

அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருப்பதுபோலக் கோமளாவுக்குப் பட்டது. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

“இதப் பாரு. பங்குனி இருபதாம் தேதி ஆய்வுக்குழு வருது. அன்னிக்கு உன் மன்றம் ஒரு விழா நடத்தணும். இல்லன்னா மன்றத்தை மூடிட்டு மூங்கில் பக்கத்தை மயிலுக்குக் கொடுத்துடுவேன். அது மேடை கேட்டுட்டே இருக்கு. அப்புறம் அங்க நீ மண்ணைக் கிளறிட்டுத் திரியக் கூடாது.”

அம்மா உட்கார்ந்திருப்பது அந்தப் பக்கம்தான். கோமளா சரி என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மன்றத்தின் துணைத்தலைவன் தங்கராசு என்ற ஓணான். யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவான். இதனாலேயே எல்லா மன்றங்களிலும் அவன்தான் துணைத்தலைவன். விழா என்றதும் அவனுக்கு உயிர் வந்துவிட்டது.

“கவலய விடு கோமளா. பதினாறு மன்றத்துக்கு விழா எடுத்தவன் நான். நிகழ்ச்சி நிரல் எங்கிட்ட ரெடியா இருக்கு, பேரை மட்டும் மாத்துனாப் போதும். வனத்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு ஏற்றுதல், வரவேற்புரை...”

“என்னது ஏற்றுதல்?”

“குத்துவிளக்கு.”

“தங்கராசு, இது தீத்தடுப்பு மன்றம்.”

அவன் தலையை ஆட்டினான். “ஆமா. அதுக்காக விளக்கேத்தாம விழா தொடங்க முடியுமா? போன மாசம் நீச்சல் மன்றத்துல தண்ணிக்கு நடுவுல விளக்கு வச்சு ஏத்துனோம். ஆமை முதுகுல.”

விளக்கு வேண்டாம் என்று கோமளா முதல்வரிடமே போய்க் கேட்டுப் பார்த்தாள். அப்படி ஒரு விழாவை அவரால் கற்பனை செய்யவே முடியவில்லை. அது பிள்ளையில்லாத சீமந்தம் மாதிரி இருக்குமே என்றார். கடைசியில், தண்ணீர் நிறைந்த பன்னிரண்டு குடங்களை மேடையோரம் வைக்க அனுமதி வாங்கிக்கொண்டு திரும்பினாள். அந்தக் குடங்களைத் தங்கராசு ‘தீயணைப்புச் செயல்விளக்கம்’ என்று நிரலில் எட்டாவதாகச் சேர்த்துவிட்டான்.

தங்கராசு இன்னொரு யோசனையும் சொன்னான். “நாம செஞ்ச வேலை கண்ணுக்குத் தெரியணும். குழியில மூடுன சருகை எல்லாம் தோண்டி எடுத்துக் காய வச்சு, மேடைக்குப் பின்னாடி மலை மாதிரிக் குவிப்போம். ‘மூன்றாண்டு உழைப்பு’ன்னு ஒரு பேனர். ஆய்வுக்குழு அசந்துடும்.”

வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ‘எரியலைங்கிறதை எப்படிப் பார்க்கிறது’ என்ற கேள்வி அவள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. மூன்று வருட உழைப்பை ஒருவராவது நிமிர்ந்து பார்க்கட்டுமே என்று ஒரு சின்ன ஆசை வந்தது. சரி என்று தலையை ஆட்டினாள். வாழ்க்கையில் அவள் தங்கராசுவைப் போல நடந்துகொண்டது அந்த ஒருமுறைதான்.

இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு நானூறு மிருகங்கள் வந்து உட்கார்ந்தன. மன்றத்தின் மேல் அன்பு என்று நினைத்துவிட வேண்டாம். வந்தவர்களுக்கு அன்று முழுக்க வருகைப்பதிவு உண்டு, நெல்லிக்காய் மிட்டாயும் உண்டு. ஆய்வுக்குழுத் தலைவராகக் கரடி வந்திருந்தார். அவருக்கு ஏற்கெனவே மேலெல்லாம் ரோமம். அதற்குமேல் பங்குனி வெயிலில் பொன்னாடை வேறு போர்த்தினார்கள்.

விளக்கு ஏற்ற நேரம் வந்தது. தங்கராசு எங்கிருந்தோ ஒரு காய்ந்த தீப்பெட்டியை எடுத்து மெழுகுவத்தியைப் பற்றவைத்தான். கோமளாவின் இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. கரடி முதல் திரியை ஏற்றி மெழுகுவத்தியை முதல்வரிடம் கொடுத்தார். முதல்வர் இரண்டாவதை ஏற்றித் துறைத்தலைவர் ஒருவரிடம் கொடுத்தார். ஐந்து திரியும் எரிந்தன. கைதட்டல். மெழுகுவத்தி கை மாறி, குளம்பு மாறி, மரியாதை நிமித்தமாகக் கரடியிடமே திரும்பி வந்தது.

விளக்கு ஏற்றிய பிறகு மெழுகுவத்தியை என்ன செய்வது என்று எந்த நிரலிலும் எழுதியிருக்காது. கரடி அதைக் கையில் பிடித்தபடி புகைப்படக்காரக் கொக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றார். கோமளா ஓடிப்போய் அதை வாங்கி ஊதுவதற்காக வாயைக் கொண்டுபோனாள்.

“ஏய்! என்ன காரியம் பண்ற?” முதல்வர் அலறினார். “விளக்கேத்தின நெருப்பை வாயால ஊதி அணைக்கிறதா? மங்கலமான நேரத்துல! ஆய்வுக்குழு முன்னாடி!”

“சார், பின்னாடி சருகு...”

“அபசகுனம் பிடிச்சவளே, அதை அவர்கிட்டயே கொடு!”

கரடியும் முகம் சுளித்து மெழுகுவத்தியைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார். அணைக்கவும் கூடாது, பிடித்துக்கொண்டே இருக்கவும் முடியாது. பெரிய மனிதர்கள் வழக்கமாகச் செய்வதையே அவரும் செய்தார். கண்ணுக்குத் தெரியாதபடி கையைப் பின்னால் கொண்டுபோய், மெழுகுவத்தியை எதன்மேலோ பதவிசாக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் வைத்தது மூன்றாண்டு உழைப்பின்மேல்.

தங்கராசு ஒலிபெருக்கியில், “அடுத்ததாக வரவேற்புரை,” என்றான். மேடைக்குப் பின்னால் சடசடவென்று சத்தம் கேட்டது. கைதட்டல் என்று நினைத்துக் கரடி எழுந்து கும்பிட்டார்.

“தீ! தண்ணியை எடுங்க!” என்று கோமளா கத்தினாள்.

“அது எட்டாவது நிகழ்ச்சி,” என்றான் தங்கராசு. “இன்னும் தலைமையுரை இருக்கு, வாழ்த்துரை இருக்கு.”

முதல்வரும் நாற்காலியை விட்டு அசையாமல் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: “கோமளா, நிரலை மீறாதே. விருந்தினர் தப்பா நினைப்பார்.”

விருந்தினர் தப்பாக நினைக்கும் நிலையில் இல்லை. பொன்னாடையின் நுனி பற்றிக்கொண்டு அவருடைய பின்புறம் புகைய ஆரம்பித்திருந்தது.

கோமளா நிரலையும் பார்க்கவில்லை, முதல்வரையும் பார்க்கவில்லை. வழக்கம்போல யாருக்கும் கட்டளையிடாமல் தானே போய் முதல் குடத்தை உதைத்துக் கவிழ்த்தாள். அடுத்த கணம் பன்னிரண்டு பேரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். கோழிகள் சருகைக் கலைத்தன, பன்றிகள் மண்ணை வாரி இறைத்தன, முயல்கள் ஓடைக்கும் மேடைக்குமாகப் பறந்தன. நானூறு மிருகங்களும் வருகைப்பதிவு எடுத்துவிட்டார்களா என்று கேட்டுக்கொண்டே ஓடின. கொக்கு மட்டும் ஒற்றைக்காலில் நின்று, “குடத்தை இன்னொரு தடவை ஊத்துங்க, சரியா விழலை,” என்றது.

அரை மணி நேரத்தில் தீ அடங்கியது. மேடை போயிற்று. ஒன்பது மூங்கில் புதர் போயிற்று. இரண்டாமாண்டு வகுப்பு நடக்கும் புளியமரம் போயிற்று. தீ பன்றிகள் போட்ட மண் கோடுவரை வந்து, தாண்ட வழியில்லாமல் அங்கேயே செத்தது.

கரி அப்பிய முகத்துடன் கோமளா நின்றிருக்க, முதல்வர் வெலவெலத்துப்போய்க் கரடியிடம் ஓடினார். வாய்க்கு வந்ததைச் சொன்னார்: “எட்டாவது நிகழ்ச்சி சார், செயல்விளக்கம். தத்ரூபமா இருக்கட்டும்னு பசங்க முன்னாடியே...”

கரடி தன் பின்புறத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு கோமளாவைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

“இருபது வருஷமா நூறு கல்லூரி பார்த்துட்டேன். பேச்சு, பாட்டு, பேனர், இதேதான். சொன்னதைச் செஞ்சு காட்டுன மன்றம் இது ஒண்ணுதான். விருந்தினரையே பத்தவச்சு அணைச்சுக் காட்டுறது சாதாரண விஷயமா?” என்று தழுதழுத்தார்.

அன்று சாயங்காலமே தீத்தடுப்பு மன்றத்துக்குச் சிறந்த மன்றத்துக்கான கேடயம் கிடைத்தது. கொக்கு எடுத்த படங்கள் ஒவ்வொன்றிலும் தீ பளிச்சென்று தெரிந்தது. நாற்பது பக்க மயில் மூலையில் போய் அழுதது. அடுத்த நாள் மன்றத்தில் சேர முந்நூறு பேர் வரிசையில் நின்றார்கள்.

கோமளா கேடயத்தைத் தூக்கிக்கொண்டு மண் கோட்டைத் தாண்டிப் போனாள். புல்லுக்குள் அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அனலில் வால் இறகுகள் கருகியிருந்தன. வயிற்றுக்கடியில் ஐந்து முட்டைகளும் பத்திரமாக இருந்தன.

“விழா நல்லா நடந்துச்சாம்மா?” என்று அம்மா கேட்டாள்.

கோமளா கேடயத்தைப் புல்லில் வைத்தாள். “நடந்துச்சும்மா,” என்று மட்டும் சொன்னாள்.

வார முடிவில் அலுவலகப் பாறையிலிருந்து கடிதம் வந்தது. ‘தங்கள் மன்றத்தின் மகத்தான வளர்ச்சியைக் கருத்தில் கொண்டு, வரும் ஆண்டில் எத்தனை தீ அணைக்கப்படும் என்ற இலக்கை உடனே தெரிவிக்கவும். இலக்கு இவ்வாண்டைவிடக் குறைந்தால் மன்றம் கலைக்கப்படும்.’

பூஜ்யம் என்று எழுதினால் மன்றம் இருக்காது. மன்றம் இல்லையென்றால் பங்குனி தோறும் அந்தக் கோட்டைக் கிளறி வைக்க ஆள் இருக்காது. கோமளா ‘நான்கு’ என்று எழுதி, மனசு கேட்காமல், அடைப்புக்குறிக்குள் ‘சிறியவை’ என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தங்கராசு எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

நீதி: வராத தீயைத் தடுத்தவருக்கு யாரும் கேடயம் கொடுப்பதில்லை. ஆகவே மன்றத் தலைவர்களே, முதலில் பற்றவையுங்கள். அணைக்கும் முன் புகைப்படக்காரர் வந்துவிட்டாரா என்று மறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.