நடுவில நாலு

"றோய் அண்ணா, எக்ஸ் எவ்வளவு?"

பக்கத்து வீட்டு அன்ரோனெற் நீட்டிய கொப்பியில் (x − 3)(x − 5) = 0 என்று இருந்தது. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த றோய் மெல்ல வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். குசினி வாசலில் மனைவி பெற்றிசியா நின்றாள்.

போர் முடிந்து மன்னார்க் கரையிலுள்ள கீரிக் கிராமத்துக்குத் திரும்பிவந்து குடியேறியவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இடம்பெயர்வில் தொலைந்ததெல்லாம் முதல் தரமாகத்தான் இருந்திருக்கும். தொலைந்த வீடு கல்வீடு. தொலைந்த மாடு குடம் குடமாகக் கறந்தது. அந்த வழக்கப்படி, ஓ.எல். பரீட்சையில் றோய் கணக்கில் பெயிலானதுகூடக் கலியாணத் தரகர் வின்சன்டின் வாயில் 'ஏ' ஆகிவிட்டது. சான்றிதழ் இராமேஸ்வரம் போகும் வழியில் வள்ளத்தோடு தாழ்ந்துபோனதாம். பெண்ணும் கணக்கில் 'ஏ' என்று வின்சன்ட் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவளிடம் குட்டு வெளிப்பட்டால் எந்த முகத்தோடு சோறு கேட்பது?

"அக்காட்டக் கேளன் பிள்ளை. அவவும் ஏ தானே."

"நீங்கள் இருக்கேக்க நான் என்னத்துக்கு? அடுப்பில மீன் கருகுது," என்று பெற்றிசியா உள்ளே போய்விட்டாள்.

"மூண்டு," என்றான் றோய்.

அன்ரோனெற் போட்டுப் பார்த்தாள். "ஓம், சைபர் வருது. ஆனா அஞ்சு போட்டாலும் வருதே."

"அப்ப அஞ்சு."

"அப்ப மூண்டு பிழையோ?"

கரையில் மீன் விலை படியாவிட்டால் செய்வதையே றோய் இங்கும் செய்தான். "சரி, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம். நடுவில நாலு எண்டு போடு."

"நாலு போட்டா சைபருக்குக் கீழ போகுது அண்ணா."

"அப்ப கேள்வி பிழை. ஒரு எழுத்துக்கு ரெண்டு விடை எப்பிடி வரும்?"

அந்தச் செய்தி பங்குத்தந்தையின் காதுவரை போனது. "புத்தகத்திலயே பிழை பிடிக்கிறவர் எங்கட பங்கில இருக்கிறார்," என்று ஞாயிறு பூசை முடிவில் பெருமையோடு அறிவித்தார். ஓ.எல். பிள்ளைகளுக்கு இனிக் கணக்கு வகுப்பு றோய்தானாம். சனம் கைதட்டியது. பெற்றிசியாவும் தட்டினாள், கொஞ்சம் அதிகமாகவே.

கோயில் வாசலில் அன்ரோனெற் பிடித்துக்கொண்டாள். "கேள்வி சரிதானாம் அண்ணா. ரெண்டு அடைப்பைப் பெருக்கிச் சைபர் வந்தா, ஏதோ ஒரு அடைப்பு சைபராம். அதால மூண்டும் சரி, அஞ்சும் சரி எண்டு ரீச்சர் சொன்னவ. பாதரிட்டச் சொல்லட்டோ?"

"வேண்டாம். நானே சொல்லுறன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக றோய்க்குக் கணக்கு விளங்கியது. அவன் வீட்டிலும் ஒரு அடைப்பு சைபர்தான். நல்லவேளை, மற்ற அடைப்பில் ஏதோ இருக்கிறது. மானம் போனாலும் போகட்டும், பிள்ளைகளாவது தப்பட்டும் என்று நேரே தரகர் வீட்டுக்கு நடந்தான்.

"வின்சன்ட் அண்ணை, நீங்கள் சொன்ன பொய்யை இனி என்னால காவ ஏலாது. பெற்றிசியாவிட்ட உண்மையைச் சொல்லிப்போட்டு, வகுப்பை அவவையே எடுக்கச் சொல்லப்போறன்."

வின்சன்ட் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உண்மையைச் சொல்லு தம்பி, அது நல்லது. ஆனா வகுப்பை மட்டும் குடுத்திடாத. அவவின்ர சேட்டிபிக்கற்றையும் நான் அதே வள்ளத்திலதான் தாழவிட்டனான்."