ஃப்ளெக்ஸிலிருந்து இறங்கிப்போன தாய்மாமன்

மதிப்புக்குரிய 'வேற்றுவெளி' காமிக்ஸ் மாத இதழ் ஆசிரியர் அவர்களுக்கு, மதுரை விளாங்குடியிலிருந்து பந்தல் கான்ட்ராக்டர் சிவனாண்டி கும்பிட்டு எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் ஓவியரும், அவர் கையும், அந்தக் கையில் இருக்கிற பேனாவும் சுகமா? என் சுகத்தைப் போகப்போகச் சொல்கிறேன்.

என்னைத் தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஒரு புயலில் ஊர்க் கூரையெல்லாம் பறந்தபோது நான் போட்ட பந்தல் மட்டும் அசையாமல் நின்றது. புயலே சுற்றிக்கொண்டு போனது என்று பேசிக்கொண்டார்கள். படிப்பு எட்டாவது. அதற்குமேல் வாத்தியார்கள் என்னைத் தாங்கவில்லை. தங்கள் இதழை ஆரம்பத்திலிருந்து வாங்குகிறேன். அட்டையில் 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்றிருப்பதைப் பார்த்து என் வீட்டுக்காரி மலையம்மாள், "பெரியவுகளுக்குன்னுல்ல போட்டிருக்கு, நீங்க எதுக்குத் தொடுறீக?" என்கிறாள். அவள் கிடக்கிறாள்.

வாசகர்கள் போட்டோ அனுப்பினால் கதையில் வரைவோம் என்று அறிவித்தீர்களே, நானும் அனுப்பினேன். போன இதழில் சனி கிரகத்துத் தளபதியாக வந்துவிட்டேன். அதே மூக்கு, அதே மீசை. தொப்பையை மட்டும் ஓவியர் மறந்துவிட்டார், மன்னித்தேன். படத்தைத்தான் பார்த்தேனே தவிர, வசன பலூனுக்குள் இருந்த எழுத்தைப் படிக்கவில்லை. படமே பேசும்போது எழுத்து எதற்கு என்பது என் கொள்கை. அங்கேதான் ஐயா வினை.

என் தங்கச்சி சரண்யாதேவி மகள் பவதாரிணிக்கு டி. கல்லுப்பட்டியில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும். அந்த மடிக்காகத்தான் கடவுள் அண்ணன் என்று ஒருவனைப் படைக்கிறார். 'சீர் சுமந்து வரும் தாய்மாமனே வருக' என்று மண்டப வாசலில் ஃப்ளெக்ஸ் வைக்க, கடைக்காரத் தம்பி கார்த்திகேஷ் போட்டோ கேட்டான். நான் தங்கள் இதழைக் கொடுத்தேன். முந்தின நாளே எழுப்பிவிட்டோம், என்னைவிட இரண்டு மடங்கு உயரம். பின்னால் ராக்கெட், சனி வளையம். வழியில் நின்ற மாடு அதைக் கும்பிட்டது என்றால் நம்பவா போகிறீர்கள்?

விசேஷத்தன்று காலையில் போய்ப் பார்க்கிறேன். ராக்கெட் இருக்கிறது, வளையம் இருக்கிறது, எழுத்து இருக்கிறது. நான் இருந்த இடத்தில் என் வடிவத்துக்கு வெள்ளை. கத்திரித்ததல்ல, கிழித்ததல்ல.

"கலர் வெளுத்துருச்சாடா?" என்றேன்.

கார்த்திகேஷ் தடவிப் பார்த்துவிட்டு, "வெளுத்தா ராக்கெட்டும்ல வெளுக்கணும், அண்ணே? இது இறங்கிப் போன மாதிரில்ல இருக்கு" என்றான். விரலை முகர்ந்தான். காயாத மை வாசனை.

அப்போதுதான், ஆசிரியர் அவர்களே, இதழைப் பிரித்துத் தளபதியின் பலூனைப் படித்தேன். 'என் உருவத்தை ஆள் உயரத்துக்கு மேல் எழுப்புகிறவன், தன் இடத்தை எனக்குத் தருகிறான்.' இதையெல்லாம் கொட்டை எழுத்தில் போடவேண்டாமா?

தாம்பாளத்தோடு மண்டபத்துக்குள் நுழைந்தேன். வாசலில் நின்ற தங்கச்சி வீட்டுக்காரர் சோலை மச்சான், "இப்பத்தான் உள்ள போனீக, மறுபடி எங்கிட்டிருந்து வாறீக?" என்றார். உள்ளே மணையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். என் மடியில் பவதாரிணி. மணையில் இருந்தவனைச் சுற்றிக் கருப்பு மையில் கோடு ஓடுகிறது. பக்கவாட்டில் போய்ப் பார்த்தேன்: ஆளே இல்லை, குழந்தை மட்டும் அந்தரத்தில் உட்கார்ந்திருந்தது. ஆசாரி வலது காதில் குத்தினார். ஊசியைக் கண்டாலே ஊரைக் கூட்டும் பிள்ளை, இமைகூட அசைக்கவில்லை.

"தங்கச்சி, நான்தாம்மா உங்கண்ணன்!" என்று கத்தினேன்.

"எங்கண்ணன் இந்நேரம் புயல் கதைய நாலு தடவை சொல்லியிருக்கும்" என்று தயங்கியது தங்கச்சி. பிறகு அவனைப் பார்த்துச் சிரித்தது. "இது ஒரு வார்த்தை பேசல. எம்புட்டு மரியாதையா உக்காந்திருக்கு!"

மலையம்மாளைப் பார்த்தேன். அவள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "அவரே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

அந்த நேரம் ஆசாரி கையிலிருந்த இரண்டாவது தோடு நழுவித் தொலைந்தது. அபசகுனம் என்று இடது காதை அடுத்த முகூர்த்தத்துக்குத் தள்ளிவிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை. அந்த ஒரு காதுதான் ஐயா எனக்கு மிச்சம். அதற்குள் ஒரு சிறப்பிதழ் போட்டு, தளபதி சனிக்கே திரும்பிப் போவதாக வரைந்துவிடுங்கள். சீக்கிரம். இன்று குழம்பைப் பிசைந்தால் கையில் ஒட்டவில்லை. என் நகத்து ஓரம் வெளுக்கிறது. அடுப்படியில் மலையம்மாள் யாருக்கோ சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள். அங்கே என் இருமல் கேட்கிறது. நான் இருமவில்லை.

தங்கள் இதழ் சனி கிரகம் வரை விற்கவும், தங்கள் குடும்பத்தார் எல்லோரும் முன்னாலும் பக்கவாட்டிலும் தெரியும்படி நீடூழி வாழவும் ஆசீர்வதிக்கும்,
சிவனாண்டி.

பின்குறிப்பு: மேற்கண்ட கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம். இடது காதும் நேற்று முடிந்தது. குழந்தை அழவில்லை. சிறப்பிதழ் தேவையில்லை, சந்தா இதே பெயருக்கு, இதே முகவரிக்குத் தொடரட்டும். ஃப்ளெக்ஸில் இருந்த வெள்ளை தானாக நிரம்பிவிட்டது. கடிதம் எழுதியவர் தொப்பையோடு, வாய் திறந்தபடி, நன்றாகவே பதிந்திருக்கிறார். அவரை இனி எந்த இதழில் வரைந்தாலும் ஒரே ஒரு வேண்டுகோள்: வசன பலூன் மட்டும் கொடுக்காதீர்கள்.