தடாகத்தில் படிந்த கூழ்

தொண்ணூற்றேழில் கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டோடு நீச்சல் தடாகம் வைத்திருந்த ஒரே இன்சூரன்ஸ் கிளாக்கர் நாகேந்திரமாகத்தான் இருக்கும். வீடு மனைவி அருந்ததியின் அண்ணனுடையது. அண்ணன் அவுஸ்திரேலியாவில். வாடகை வேண்டாம், தடாகத்தைத் துப்புரவாக வைத்திருந்தால் போதும் என்றிருந்தார்.

அந்தப் 'போதும்'தான் நாகேந்திரத்தின் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது. சுவரெல்லாம் வழுவழுவென்று வெளிறிய கூழ். குளோரீன் போட்டாலும் தேய்க்க வேண்டும். தேய்த்தாலும் குளோரீன் போட வேண்டும். அண்ணன் குடும்பத்தோடு வரப்போகிறார் என்று தெரிந்த கிழமை, குளோரீன் வாங்கப் போனவர் வெறுங்கையோடு திரும்பினார். சந்திச் சென்றிக் காவலரணில் ஆமிக்காரர் குளோரீன் தூளைப் பறித்துவிட்டார்களாம். தமிழன் கையில் வெள்ளைத் தூள். யார்தான் நம்பமாட்டார்கள்?

"அப்ப சும்மா தேய்ச்சு விடுங்கோவன்" என்றாள் அருந்ததி.

"பிரயோசனமில்லையப்பா. கிருமியள் கூழாலை வீடு கட்டி உள்ளுக்கை ஒளிச்சிருக்குதுகள். குளோரீன் இல்லாட்டில் நாளைக்கே திரும்பக் கட்டும்."

"ஓம், அடுத்தவன்ரை சுவரிலை சொகுசா ஒளிச்சிருக்கிறதுகளைக் கிளப்பிறது கஷ்டந்தான்."

நாகேந்திரத்துக்கு அது உறைக்கவில்லை. பேப்பரை விரித்தார்.

மறுநாள் மாலை வேலை முடிந்து வந்தவரைச் சென்றியில் ஆமிக் கோப்ரல் ஒருவன் மறித்தான். "கோ குடு?" தூள் எங்கே என்று சிங்களத்தில் கேட்கிறான். கொழும்பில் போதைத் தூளுக்கும் அதுதான் பெயர். பறித்த தூளைத் திருப்பித் தரச்சொல்லி அருந்ததி காலையில் வந்து கேட்டாளாம். இங்கே ஒருவரும் ஒன்றும் பறிக்கவில்லை. அப்படியானால் தூள் எங்கே?

உண்மையைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அரைகுறைச் சிங்களத்தில், காற்றில் சுவர் தேய்த்துக் காட்டி, தேய்க்கும் வேலைக்குக் கள்ளமடித்துக் குளோரீன் வாங்காமலே திரும்பியதையும் வீட்டில் பொய் சொன்னதையும் ஒப்புவித்தார்.

கோப்ரல் சிரித்துவிட்டான். "நோனா கிவ்வ ஹரி" என்றான். வீட்டு அம்மா சொன்னது சரியாம். கொஞ்சம் வெருட்டினால் போதும், எல்லாம் தானாக வரும் என்று அவள் சொல்லிவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். அடையாள அட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, தூளோடு வந்தால் தருகிறேன் என்று கடைப்பக்கம் கையை நீட்டினான்.

குளோரீன் பையோடு நாகேந்திரம் வீட்டுக்கு வர, தடாகத்தில் தண்ணீர் இறக்கப்பட்டிருந்தது. படியில் வாளியும் பிரஷும்.

"சென்றியிலை விட்டவங்களோ?" என்று கேட்டாள் அருந்ததி, ஒன்றும் அறியாதவள் போல.

"விட்டவங்கள்."

"நல்லதாப் போச்சு. பக்கத்து வீட்டு மேபல் அக்காவின்ரை தண்ணி டாங்கியும் வழுவழுத்துப் போச்சாம். வாற ஞாயிறு நீங்கள் வருவியள் எண்டு சொல்லிப்போட்டன்."