லே சொன்னால் ஒரு ரவுண்டு

பேரன்புள்ள பாண்டித்துரை மாமாவுக்கு, முத்துச்செல்வி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று அம்மா எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

மாமா, நீங்கள் பேசி வாங்கிக் கொடுத்த கால்பந்து கிளப் ஆபீஸ் வேலை ஞாயிற்றுக்கிழமையோடு போய்விடும் போலிருக்கிறது. நம் வீட்டின் முதல் டிகிரி என்று ஃப்ளெக்ஸ் வைத்தீர்களே, அதைக் கழற்றிவிடலாம். எல்லாம் புதுக் கோச் நாச்சிமுத்து சாரால்தான். கோயம்புத்தூர்க்காரர், ராணுவத்தில் இருந்தவர். முதல் நாள் விடியற்காலையே மைதானத்துக்கு வந்துவிட்டார். பையன்கள் பள்ளிக்கூட மணி அடித்த பிறகு, தலையில் தண்ணீர் சொட்ட, தோளில் துண்டோடு டிரெஸ்ஸிங் ரூமுக்குள் நுழைந்தார்கள். "ஏனுங்க இவ்வளவு நேரம்?" என்றார் சார். "ஐந்தருவில தண்ணி நல்லா விழுது சார்" என்றான் கேப்டன் இசக்கியப்பன். மீதிக் காரணத்தையும் சொல்வான் என்று சார் காத்துக்கொண்டே நின்றார். அவனோ சொல்லி முடித்துவிட்டான். அதன்பின் அருவி கிடையாது, புரோட்டா கிடையாது, டிரெஸ்ஸிங் ரூமில் ஒருவன் முதுகில் ஒருவன் எண்ணெய் தேய்ப்பது கிடையாது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். பிறகுதான் அவர் காதில் "லே" விழுந்தது. "அதென்னுங்க லே? மாட்டை ஓட்டற மாதிரி! இனி எல்லாரும் வாங்க, போங்கதான். லே சொன்னா மைதானத்தைச் சுத்தி ஒரு ரவுண்டு" என்று சொல்லி, விசிலை என் கையில் கொடுத்து, யார் சொன்னாலும் ஊதச் சொன்னார். கல்லூரியில் அட்டெண்டன்ஸுக்குக்கூட எனக்குச் சத்தம் வராது, உங்களுக்கே தெரியும். அன்று விசில் என் வாயை விட்டு இறங்கவில்லை. "ஏலே, இனிமே யாரும் லே சொல்லாதீங்கலே" என்று எச்சரித்த இசக்கிக்கு மூன்று ரவுண்டு.

இப்போது பேச்சே நின்றுவிட்டது மாமா. நான் வாசல் பக்கம் போனாலே டிரெஸ்ஸிங் ரூம் சாவு வீடாகிவிடுகிறது. பயிற்சி ஆட்டத்தில் இசக்கி, "கீப்பர் சாம் அவர்களே, வலப்பக்கம் பந்து வருதுங்க" என்று சொல்லி முடிக்குமுன் பந்து வலைக்குள் கிடந்தது. ஞாயிறன்று ஆலங்குளத்தோடு ஆட்டம். தோற்றால் ஊருக்குக் கிளம்பிவிடுவேன் என்கிறார் சார். தோற்றால் கிளப்பையே மூடிவிடுவேன் என்கிறார் தலைவர் அருமைநாயகம் அண்ணாச்சி. மூடினால் அம்மா மறுநாளே மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிவிடுவாள். ஆகவே எனக்கு வேறு வேலை பாருங்கள். புளியறையில் ஒரு ஹோட்டல் கல்லாவானாலும் சரி. வாய் திறக்காத வேலையாக இருந்தால் நல்லது.

அத்தைக்கு என் வணக்கம், குட்டி ஸ்வாதிக்கு முத்தம்.

இப்படிக்கு,
விசிலும் கையுமாக,
முத்துச்செல்வி

பி.கு.: சாரல் விடாததால் இதைத் தபாலில் போட முடியவில்லை, அதற்குள் ஆட்டமே முடிந்துவிட்டது. வேலை தேட வேண்டாம் மாமா. ஒன்றுக்கு ஒன்று, சமம். கடைசி நிமிடத்தில் பந்து நம் கோலைப் பார்த்து வருகிறது. பையன்கள் மரியாதையாக வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். சாம் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கோட்டுக்கு வெளியே நின்ற சார் அலறினார்: "ஏலே சாமு, புடிலே!" பழக்கதோஷத்தில் நான் விசிலை ஊதிவிட்டேன். ரெஃப்ரி என்று நினைத்து ஆலங்குளத்துக்காரன் நின்றுவிட்டான். சாம் பந்தை அள்ளிக்கொண்டான். "ஏட்டி, ஒன்னைய யாரு ஊதச் சொன்னா?" என்று ஆலங்குளமே என்மேல் பாய்ந்தது. "எங்க கோச்சு லே சொன்னாரு, ஊதுனேன். போலே!" என்று கத்தினேன். நான்தான் மாமா! ரெஃப்ரி சிரித்து முடிப்பதற்குள் நேரமும் முடிந்தது.

சார் என்னைப் பார்த்தார். நான் சொன்னதும் லேதானே. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ரவுண்டு ஓடினேன். பாதி வழியில் பின்னால் காலடிச் சத்தம். சாரும் ஓடி வருகிறார். அவர் தோளில் துண்டு.

"ஏட்டி, வேகமா ஓடுங்க! ஐந்தருவில தண்ணி நல்லா விழுதாமுங்க."