மாப்பிளை குடிச்ச தேசிக்காய்க் கோப்பி

கம்பஸ் படிக்கேக்கை கொழும்பிலை ஒரு கடையிலை ஐஸ் கோப்பிக்குள்ளை தோடம்பழச் சாறு விட்டுக் குடிச்சனான். அண்டையிலையிருந்து கோப்பியிலை எனக்குத் தெரியாதது ஒண்டுமில்லை எண்டு ஒரு நினைப்பு. (நினைப்புக்கென்ன, வரி கட்டவே வேணும்?)

அக்காவைப் பொம்பிளை பாக்கக் கரவெட்டியிலையிருந்து வந்திருந்தவை. மாப்பிளையும் அக்காவும் ஃபோனிலை கதைச்சுக் கதைச்சு முடிவெடுத்தாச்சு, அது மாப்பிளையின்ரை தாய்க்காறிக்கும் தெரியும். அவ ஓமெண்டாச் சரி. அந்த ஓம்தான் இன்னும் வரேல்லை.

"டேய், சும்மா பால்கோப்பி போடு. உன்ரை வித்தை ஒண்டும் வேண்டாம்," எண்டா அக்கா.

நான் கேப்பனே? தோடம்பழம் இல்லை, தேசிக்காய் கிடந்துது. கொதிக்கிற பால்கோப்பிக்குள்ளை பிழிஞ்சன். முழுக்கத் திரைஞ்சு போச்சு. வீட்டிலை வேறை பாலும் இல்லை.

விட்டனே? பால் விடாமல் கோப்பி ஊத்தி, சீனி கரைச்சு, ஐஸ் போட்டு, தேசிக்காய் விட்டு ஒரு வாய் குடிச்சன். சத்தியமா அப்பிடியே நிண்டிட்டன். கைப்பும் புளிப்பும் கட்டிப்பிடிச்சுக்கொண்டு போக, பின்னாலை பூ மாதிரி ஒரு வாசம். இப்பிடி ஒண்டு உலகத்திலை இருக்கேக்கை நாங்கள் என்ன விசருக்குப் பால் விடுறம்?

தட்டத்தோடை போனன். தாய்க்காறி ஒரு வாய் குடிச்சிட்டுக் கிளாஸை மெதுவா வைச்சா.

"தம்பி, இஞ்சை ஆருக்கு வயித்தாலை போகுது?"

அப்பதான் மண்டையிலை அடிச்சுது. எங்கடை ஊரிலை கோப்பிக்குள்ளை தேசிக்காய் விடுறது அந்த ஒரு வருத்தத்துக்குத்தான். (சின்னனிலை எனக்கே மூக்கைப் பொத்திப் பருக்கினவை.) அப்பா முகட்டைப் பாத்தார். கதவடியிலை அக்காவுக்குக் கண் நிரம்பிட்டுது.

"எனக்குத்தான் அம்மா," எண்டார் மாப்பிளை. "காலமையிலையிருந்து. அவவுக்கு ஃபோனிலை சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்," எண்டு கதவடியிலை நிண்ட அக்காவைக் காட்டினார்.

தன்ரை கிளாஸை ஒரே இழுவை. தாயின்ரை கிளாஸையும் எடுத்துக் குடிச்சு முடிச்சார். நான் வாயைப் பிளந்துகொண்டு நிண்டன். பொம்பிளை பாக்க வந்த இடத்திலை, இவ்வளவு சனத்துக்கு முன்னாலை, ஒரு மனுசன் இதைச் சொல்லுறானே.

தாய்க்காறி அக்காவை மேலையும் கீழையும் பாத்தா. "கவனமான பிள்ளை," எண்டா. ஓம் வந்திட்டுது.

கலியாணம் முடிஞ்சாப்பிறகு கேட்டன். "அத்தான், அண்டைக்கு உண்மையாவே போனதோ?"

"எங்கை போறது மச்சான்? நான் சும்மா சொன்னது. உன்ரை கோப்பி குடிச்சாப்பிறகு ஒரு கிழமையா ஒண்டுமே போகேல்லை."

மாமிக்கு, அதுதான் அத்தான்ரை தாய்க்கு, இது இன்னும் தெரியாது. இப்பவும் அத்தான் கரவெட்டி வீட்டுப் படலையைத் திறந்தவுடனை, தேசிக்காய் விட்ட கோப்பி சுடச்சுட வந்திடும். "குடி ராசா, உனக்கு அடிக்கடி வாறதுதானே." மனுசன் கூடப் போற என்னை முறைச்சுக்கொண்டே குடிக்கிறார், மிச்சம் விடாமல்.