ஆட்டுக்கால் அண்ணனின் முகம்

இலங்கை மலைநாட்டிலேயே முதுமையோடு நேருக்கு நேர் சண்டைக்குப் போன ஒரே ஆண்பிள்ளை எங்கள் ஆட்டுக்கால் அண்ணன்தான். பேர் வந்ததே அவர் எடுத்துப்போன ஆயுதத்தால்தான்.

எழுபதுகளில் வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகப் போனேன். தங்குவதற்குத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் ஒற்றை அறைக் காம்பிரா ஒன்றைக் கொடுத்தார்கள். அடுத்த காம்பிராவில் அண்ணன், தனிக்கட்டை. பகலெல்லாம் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆட்டுக்காலைக் கரையக் கரைய வேகவைத்து, வடித்து, அந்தப் பசையை முகத்தில் அப்பிக்கொள்வார். தோல் சுருங்காதாம். அட்டன் இறைச்சிக்கடைக்காரர் சொன்னாராம். கால் விற்கிறவர் வேறு என்னத்தைச் சொல்வார்?

வாசனைக்கு லயத்து நாய்கள் அத்தனையும் அவர் பின்னால் ஊர்வலம் போகும். எங்கள் மாரியம்மன் தேருக்குக்கூட அவ்வளவு கூட்டம் கூடியதில்லை.

ஒரு மார்கழியில் பசையைக் கழுவாமலே தூங்கிவிட்டு, விடிந்ததும் அப்படியே வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு ஓடினார். குளிரில் பசை இறுகி, முகம் பலகையாகியிருந்தது. கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டார்.

“ம்ம்” என்றார் அண்ணன்.

“யோவ், வாயத் தொறந்து சொல்லுய்யா!”

“ம்ம்ம்!”

“கொழுப்பப் பாரு! இன்னைக்கு ஒனக்கு வேலையே இல்ல, போ!”

நான்தான் சுடுதண்ணீர் ஊற்றி அவர் வாயை மீட்டேன். வெளியே வந்த முதல் பேச்சு, “மாஸ்டர், பளபளன்னு இருக்கா?”

தலையில் அடித்துக்கொண்டு தோட்டத்து டாக்டரையாவிடம் இழுத்துப் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

“மேல பூசினா உள்ள எறங்காதுய்யா. தோலு என்ன சல்லடையா? வெயில்ல தலைக்குத் துணி போடு. அந்தக் காலை சூப்பு வச்சுக் குடி.”

“குடிச்சா சுருக்கம் போயிருமாங்க?”

“பசி போகும்.”

திரும்பும் வழியில்தான் அண்ணன் விஷயத்தைச் சொன்னார்.

“செவனம்மாவ எனக்குப் பேசி வச்சிருந்தாங்க மாஸ்டர். பிரஜாவுரிமை பிரிச்சுக் குடுத்தப்ப அவங்களுக்கு இந்தியா கெடச்சிச்சு, எங்களுக்கு இங்கேயே கெடச்சிச்சு. ஸ்டேஷன்ல கோச்சி ஏறுறப்ப அழுதுகிட்டே சொன்னா, ‘திரும்பி வருவேன் மச்சான், இதே மூஞ்சியோட இருங்க’ன்னு. வச்சுக் காப்பாத்த எனக்கு வேற என்ன இருக்கு?”

பாவி மனுஷன்! அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் நாய்களை விரட்டும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். மலைவெயிலும் பனியும் அவர் முகத்தைச் சுருக்கிக்கொண்டேதான் இருந்தன. அதை நான் சொல்லவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், செவனம்மா வருகிறாள் என்று அவளுடைய அண்ணன் வீட்டிலிருந்து சேதி வந்தது. அவள் குடும்பத்தில் அவர் மட்டும் இந்தியா போகாமல் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தார். எங்கள் அண்ணன் இரட்டைப் பூச்சுப் பூசி, கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு, என்னையும் வட்டகொடை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

கோச்சி நின்றது. அண்ணன் பெட்டி பெட்டியாகக் கண்ணால் துழாவினார். நரைத்த உச்சியும் வெயில் தின்ற முகமுமாக ஓர் அம்மாள் இறங்கிவந்து எங்கள் முன்னால் நின்றாள்.

“கொஞ்சம் தள்ளிக்கங்கம்மா, ஆளு எறங்குறது மறைக்குது” என்றார் அண்ணன்.

அவள் நகரவில்லை. “மச்சான்...” என்றாள்.

ஐயோ! இத்தனை வருஷம் தன் முகத்தைக் காத்த மனுஷன், அவள் முகத்துக்கும் வயதாகும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

“மூத்தவ சமைஞ்சிருக்கா மச்சான். தாய்மாமன் சீருக்கு எங்க அண்ணனக் கூட்டிட்டுப் போக வந்தேன்.” அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்க அப்படியே இருக்கீங்க.”

“ஆமா, அப்படியேதான் இருக்கேன்” என்றார் அண்ணன். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளுடைய அண்ணன் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஆட்டுக்கால் வெந்தது. மிளகு மணத்தது. கதவைத் தட்டி, “மாஸ்டர், வாங்க, சூப்பு குடிப்போம்” என்றார்.

இப்போது சுருக்கம் போக்கும் களிம்பைக் கடைக்குக் கடை விற்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் அவர் நினைப்புத்தான். அண்ணே, எத்தனை சுருக்கத்தோடு எதிரே வந்து நின்றாலும் உங்களை எனக்குத் தெரியும்.