வாய் மூடிய கம்ப்யூட்டர்

பிரிண்டர் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. ராசிபுரம் வழியாகச் சேலம் போகும் பஸ் இன்றும் இன்பமேரியை விட்டுவிட்டுப் போய்விட்டது.

நாமக்கல்லில் இருந்த அந்தக் கோழித்தீவனக் கம்பெனிக்கு அந்த வருடம்தான் கம்ப்யூட்டர் வந்தது. அதை இயக்க இன்பமேரியும் வந்தாள். மாலையில் ஒரு கட்டளை கொடுத்தால், அன்று விற்ற மூட்டைகளை அது கையிருப்பில் கழித்துவிடும். அதற்குக் கண் இமைக்கும் நேரம் போதும். பிறகு, யாரும் கேட்காமலே, மொத்தக் கையிருப்பையும் கெஜக்கணக்கில் அச்சடித்துத் தள்ளும். முதலாளி அப்புசாமி அந்தக் காகிதக் கட்டை ஜீப்பில் போட்டுக்கொண்டு போவார்.

மறுநாள் இன்பமேரி புரோகிராமில் ஒரு வரி சேர்த்தாள்: வேலையைச் செய், பதில் வேண்டாம். அறையில் ஆழ்கடல் போன்ற அமைதி. அவள் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

காகிதம் வராததால் வேலையே நடக்கவில்லை என்று நினைத்த அப்புசாமி, தாமே அந்தக் கட்டளையைக் கொடுத்தார். அதே மூட்டைகள் மறுபடியும் கழிந்தன.

அவர் மறுபடி கட்டளை கொடுத்தது தெரிந்ததும், வேலை முடிந்தால் 'பீப்' என்று ஒலிக்கும்படி இன்பமேரி செய்தாள். இயந்திரம் ஆட்சேபிக்கிறது என்று எண்ணிய அப்புசாமி, அது அடங்கட்டும் என்று கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை குடோனில் மூட்டைகள் கூரையைத் தொட்டன. திரையில் கையிருப்பு பூஜ்யத்துக்கும் கீழே இருந்தது. திரையை நம்பி, மல்லசமுத்திரத்திலிருந்து சரக்கெடுக்க வந்த லாரியை அப்புசாமி காலியாகத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"என்ன புள்ள பண்ணி வெச்சே?"

"நீங்க எத்தனை தடவை சொன்னீங்களோ, அத்தனை தடவையும் அது செஞ்சிருக்கு சார். வாயைத் திறக்கல, அவ்வளவுதான்."

"நாளையிலிருந்து காயிதம் வரோணும். இல்லீன்னா நீ வர வேண்டாம்."

"அதை யாரு சார் படிக்கிறாங்க?"

"நாந்தான். தெனமும் ஊட்டுல உக்காந்து வரி வரியாப் பாக்கறேன்."

இன்பமேரி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அதுல ஒரே ஒரு வரி சொல்லுங்க சார். நானே போயிடறேன்."

அப்புசாமி மின்விசிறியைப் பார்த்தார். அவருடைய கோழிப்பண்ணையில் வேலை செய்யும் செல்லாயி வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, பேப்பர் கட்டு வந்து நாலு நாளாச்சுங்களே. புதுக் குஞ்சு எறக்கியாச்சு, அடியில எதைங்க விரிக்கறது?"